எழுதாமல் போட்ட பூட்டு

2024 ஜூலை 20, சனிக்கிழமை. தங்கமாரியின் கணக்கில் அது நாற்பத்தோராம் நாள். மாத்தூர் வாடகை வீட்டில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது படப்பையிலிருந்து கிளியம்மாள் போனில் பேசினாள். படப்பையில் சென்சார், ரிலே, வயர் விற்கும் கடை கிளியம்மாளுடையது.

"இன்னா தங்கமாரி, உயிரோட கீறியா?"

"இருக்கேங்க்கா. சொல்லுங்க."

"நான் இன்னாத்த சொல்றது? நீதான் சொல்லணும். முப்பத்தெட்டாயிரத்துக்கு சரக்கு எடுத்துகினு போன. மாசம் ரெண்டு ஆவுது. உன் பேர்லதான் பில்லு போட்டேன், அந்த வல்லத்து ஷெட்டுக்காரன் பேர்ல இல்ல."

"இந்த வாரத்துல வந்துரும்க்கா."

"வரட்டும். வந்ததும் புதுசா நீ கேட்டு வெச்ச சரக்க எடுத்துத் தரேன். கோவிச்சுக்காத. கடைக்குப் பின்னாடி நான் நோட்டு அடிக்கிற மெஷினா வெச்சிகினு கீறேன்? அப்டி ஒண்ணு இருந்தா நீயே வந்து ப்ரோக்ராம் போட்டுக் குடுத்துடு."

தங்கமாரி சிரித்தாள். போனை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கிளியம்மாள் கடனை நிறுத்திவிட்டால், சுங்குவார்சத்திரத்துப் பேக்கிங் இயந்திரத்துக்கான சென்சார்கள் வராது. அந்த வேலைக்குப் பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கியிருந்தாள். ஆகஸ்ட் கடைசிக்குள் முடித்துத் தருவதாக எழுதியும் கொடுத்திருந்தாள். ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பகுதியில் அவள் சம்பாதித்து வைத்திருந்தது பணம் அன்று. சொன்ன தேதியில் முடிப்பவள் என்ற பெயர். அந்தப் பெயருக்கு இப்போது முப்பத்தெட்டாயிரம் ரூபாய் குறைந்தது.

தோசையைத் திருப்பிப் போட மறந்திருந்தாள். அது கருகியது.

ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் சுற்றிப் பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்து தரும் சிறிய ஆலைகள் நிறைய உண்டு. அந்தச் சிறிய ஆலைகளுக்கு இயந்திரம் செய்து தரும் தகரக் கொட்டகைகள் அவற்றைவிட அதிகம். கொட்டகைக்காரர்கள் இரும்பை வெட்டுவார்கள், பற்றவைப்பார்கள், காற்றழுத்தத்தில் நீண்டு சுருங்கும் சிலிண்டர் மாட்டுவார்கள். எந்தச் சிலிண்டர் எப்போது நீள வேண்டும், எந்தக் கதவு மூடாவிட்டால் எது நகரக் கூடாது என்பதை எழுதித் தர மட்டும் வெளியாள் ஒருவர் வேண்டும். அந்த எழுத்து, பி.எல்.சி. என்று அழைக்கப்படும் செங்கல் அளவுப் பெட்டி ஒன்றினுள் ஏறும்; அதன் பிறகுதான் இரும்பு இயந்திரமாகும். தங்கமாரி அந்த வெளியாள். சாத்தூரில் பிறந்து, அங்கேயே டிப்ளமா படித்து, இருபது வயதில் இந்தப் பக்கம் வந்தவள். அவளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு வேலை, ஒரு தொகை.

இப்படி வேலை செய்பவர்களில் பலர் இயந்திரத்துக்குள் ஒரு பூட்டு வைப்பார்கள். குறிப்பிட்ட நாள்களுக்குள் மீதிப் பணம் வராவிட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும். திறக்கும் எண் எழுதியவரிடம் மட்டும் இருக்கும். தங்கமாரியின் பூட்டு நாற்பத்தைந்து நாள். கை சிக்கும் இடத்தில் நிற்காதபடி, ஒரு சுற்று முழுதாக முடிந்து எல்லாச் சிலிண்டரும் தொடக்க நிலைக்குத் திரும்பிய பிறகே நிற்கும் வகையில் அதை எழுதியிருந்தாள். அவள் தரும் ஒவ்வொரு கொட்டேஷனிலும் ஏழாவது வரி அந்தப் பூட்டைப் பற்றியது. வாங்குபவர் அந்த வரியின் பக்கத்தில் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அவள் மடிக்கணினியைத் திறப்பதில்லை.

முனிரத்தினத்துக்கு மட்டும் அவள் கொட்டேஷனே கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால், ஒரு பேருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

2010 ஏப்ரலில் தங்கமாரி கைபேசி ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊழியர்களை ஏற்றி வர அந்த ஆலைக்கு ஏராளமான பேருந்துகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் எண். ரூட் 23 வாலாஜாபாத்தில் புறப்பட்டு, ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று, வல்லம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும். முதல் ஷிப்டுக்கு அது ஒரகடத்தில் நிற்கும் நேரம் காலை ஐந்து ஐந்து. தங்கமாரி தங்கியிருந்த விடுதி வீட்டில் பதினோரு பெண்கள், ஒரு குளியலறை. ஐந்து ஐந்து என்பது அந்த வீட்டுக்கு ஒருபோதும் எட்டாத நேரம்.

முனிரத்தினம் வாலாஜாபாத் பக்கத்துக்காரர். அவளைவிட ஆறு வயது மூத்தவர். பேருந்து கூட்டுரோட்டில் நின்றதும் அவர் இறங்குவார். ஒரு காலைத் தரையிலும் மறு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு குனிந்துவிடுவார்.

"யோவ் முனி, ஏறு. இல்ல எறங்கு!" என்று ஓட்டுநர் கத்துவார்.

"செருப்பு வாரு அறுந்துகிச்சிண்ணா. ஒரு நிமிசம்."

"தெனமுமாய்யா அறுந்துக்கும்? மாட்டுத் தோலா காயிதமா அது?"

அதற்குள் ஈரத் தலையோடு பெண்கள் ஓடி வந்து ஏறிவிடுவார்கள். முனிரத்தினம் ஒருவரையும் பார்க்காமல் தம் இருக்கைக்குப் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். யாரும் நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அந்த நாள்கள் தங்கமாரியின் நினைவில் சிறு சிறு பொருள்களாகத்தான் தங்கியிருந்தன. உடம்பின் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்க மணிக்கட்டில் மாட்டும் கம்பிப் பட்டை. அதை மாட்டாமல் மேசையைத் தொட்டால் எழும் பீப் ஒலி. கேண்டீனில் தயிர்சாதம் தீர்ந்துவிடும் என்று பதினொன்றரைக்கே ஓடுவது. நீல மேலங்கியின் பையில் பேனாவுக்கு மட்டும் இடம் இருந்தது. பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது அவளும் முனிரத்தினமும் ஒரே பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தார்கள், பி.எல்.சி. எழுத இருவரும் அங்கேதான் கற்றார்கள். தேர்வில் அவளுக்கு எண்பத்தெட்டு, அவருக்கு நாற்பத்தொன்பது. "எனக்கு ஸ்பேனர்தான் சோறு போடும். எழுத்து உன்னுது" என்றார் அவர். வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வது சம்பள நாளின் மாலைப் பேருந்தை. வல்லம் தாண்டும்போது யாரோ ஒருவரின் போன் முதலில் அதிரும். பிறகு பின்னிருக்கையில் ஒன்று, நடுவில் இரண்டு. ஐந்து நிமிடத்துக்குள் பேருந்து முழுக்க அதிர்வும் சிரிப்பும். "எனக்கு இன்னும் வரலடி" என்று ஒருத்தி பதறுவாள், அவளுக்கும் வந்துவிடும். ஒருவர் இறங்கி மிளகாய் பஜ்ஜி வாங்கி வருவார், ஓட்டுநருக்கு இரண்டு. தங்கமாரி அந்தக் குறுஞ்செய்திகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். ஐம்பத்தைந்து மாதங்கள், ஐம்பத்தைந்து வரிகள். அவற்றில் ஒரு மாதம்கூட அவள் சம்பளத்தை யாரிடமும் கேட்டதில்லை. கேட்பது என்ற ஒரு வேலை உலகத்தில் இருப்பதே அப்போது அவளுக்குத் தெரியாது.

2014 மழைக்காலத்தில் ஆலை மூடியது. அந்த நோட்டில் ஐம்பத்தாறாவது வரி இல்லை.

மறு ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஓர் ஆலைக்கு முதல் வெளிவேலை செய்தாள். பேசியது முப்பதாயிரம், வாய்ப்பேச்சுதான். வேலை முடிந்து பணம் கேட்டபோது முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நீ தட்டுனது ரெண்டு நாளும்மா. ரெண்டு நாளுக்கு முப்பதாயிரமா? லேப்டாப்புல தட்டுறதுக்கு இன்னா கரண்டு செலவாவப் போவுது?"

ஐயாயிரம் கொடுத்தார். அதையும் ஏதோ பிறந்தநாள் அன்பளிப்புபோலக் கொடுத்தார். பதின்மூன்று முறை அவள் போய்க் கேட்டிருந்தாள். ஒவ்வொரு முறை போன தேதியும் அவளிடம் இருக்கிறது. இன்னொருவர் முழு நிரலையும் வாங்கிக்கொண்டு, மூன்று இயந்திரங்களுக்கு நகலெடுத்துவிட்டு, ஒன்றுக்கான பணத்தைக்கூடத் தவணையில் தந்தார். இப்படி ஒவ்வொரு நட்டத்துக்குப் பிறகும் கொட்டேஷனில் ஒரு வரி கூடியது. பாதி முன்பணம். மாற்றம் சொன்னால் எழுத்தில். மூல நிரல் கடைசித் தவணைக்குப் பிறகு. பூட்டு ஏழாவதாக வந்தது. 2018க்குப் பிறகு அவள் யாரிடமும் பணம் இழக்கவில்லை.

ஆனால் ரூட் 23 ஆட்களிடம் தாள் கேட்கும் வழக்கம் இல்லை. ஆலை மூடிய பிறகும் அந்தப் பேருந்தின் வாட்ஸாப் குழு கலையவில்லை. ஒருவர் மகளுக்கு ரத்தம் வேண்டும் என்றால் அரைமணியில் மூன்று பேர் போய் நிற்பார்கள். ஒருவர் மனை வாங்க மற்றவர் இரண்டு லட்சம் கைமாற்றாகக் கொடுப்பார். துண்டுச் சீட்டு இருக்காது. அவர்களிடம் கொட்டேஷனை நீட்டுவது, பந்தியில் உட்கார்ந்தவரிடம் அழைப்பிதழ் கேட்பது போன்றது. முனிரத்தினம் வல்லத்தில் கொட்டகை போட்டு, ஒரகடத்தில் கார் இருக்கைப் பாகம் செய்யும் ஓர் ஆலைக்கு ரிவிட் அடிக்கும் இயந்திரம் செய்ய ஆர்டர் பிடித்தபோது, போனில் கேட்டது ஒரே வாக்கியம். "எழுத்து உன்னுதுதானே?" அவள் சொன்னதும் ஒரே சொல். "ஆமாண்ணே." கூலி ஒரு லட்சத்து எட்டாயிரம் என்பதைப் பிறகு பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டார்கள். சென்சார்களைத் தன் பெயரிலேயே எடுத்துக் கொடுத்தாள்.

அவள் கணவன் அருள்பாண்டி லாரி ஆலையில் பெயின்ட் பிரிவில் இருப்பவன். அவனுக்கே இது விளங்கவில்லை. "எங்கப்பா அஞ்சாயிரம் கேட்டப்ப ரசீது வாங்குன ஆளு நீ. இவருட்ட மட்டும் ஏன் வாங்கல?" என்றான்.

"அவரு பஸ்காரரு" என்றாள்.

இதில் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. புது வேலையை அவள் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. பழைய நிரல் ஒன்றைப் பிரதி எடுத்து அதன் மேல் எழுதுவாள். அதில் பூட்டு இருந்தது. ஜூன் 9 மாலை, இயந்திரத்தை ஆலையில் நிறுத்துவதற்கு முந்தைய நாள், அந்தப் பத்து வரிகள் திரையில் கண்ணில் பட்டன. அழிக்க விரல் போனது. பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தாளை மட்டும் விலக்கிவிட்டு, பூட்டை வைத்துக்கொண்டாள்.

இப்போது நாற்பத்தோராம் நாள். ஜூலை 25 வியாழக்கிழமை காலை ஆறு மணி ஷிப்டில் முதல் சுற்று முடிந்ததும் அந்த இயந்திரம் நின்றுவிடும். முனிரத்தினத்துக்குத் தெரியாது. ஒரு மாதமாக அவர் அவளுடைய அழைப்பையும் எடுக்கவில்லை.

கருகிய தோசையைக் குப்பையில் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வல்லத்துக் கொட்டகையில் கிரைண்டர் சத்தம். அவளைக் கண்டதும் முனிரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் இரும்புத் தூசி. கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை.

"வா தங்கமாரி. டீ சொல்லட்டா?"

"டீ இருக்கட்டும்ண்ணே. போன் என்னாச்சு?"

"போனு நல்லாத்தான் கீது. எடுக்க மூஞ்சிதான் இல்ல." ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினார். "பதினாலு லட்சம் மெஷினு. ஏழு குடுத்தான். அது இரும்புக்கும் சிலிண்டருக்கும் போச்சு. மீதி ஏழு ட்ரையல் முடிஞ்சா. எப்ப கேட்டாலும் 'ட்ரையல் போயிகினு கீது சார்'ன்றான். இதத் தவிர அந்த வேல்ராஜ் பையனுக்கு வேற வார்த்த தெரியாது. உனக்கு இன்னான்னு சொல்லுவேன்? அதான் எடுக்கல."

"இதத்தான் சொல்லிருக்கலாம்ல? நான் என்ன உங்களக் கடிச்சா வைக்கப் போறேன்?"

தங்கமாரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது எதுவும் உதவவில்லை.

"அண்ணே, அந்த மெஷின்ல லாக் இருக்கு. வியாழக்கிழம காலைல நின்னுரும்."

பின்பக்கத்தில் கிரைண்டர்காரன் வேலையை நிறுத்தினான்.

"எந்த மெஷின்ல?"

"நம்ம மெஷின்ல."

"நம்ம மெஷின்ல," என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். "யாரு போட்டது?"

"நாந்தான்."

"எனக்கா போட்ட?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஊரான் ஏமாத்துனான்னு லாக் போட்டே, சரி. எனக்கு இன்னாத்துக்கு? ஒரே பஸ்ஸுல வந்தவ நீ. வேணும்னா மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம். 'அண்ணே, உன்ன நம்பல, ஒரு சீட்டுல எழுதிக் குடு'ன்னு கேளு, குடுக்கறேன். வாயில அண்ணே அண்ணேன்னுட்டு, பொட்டிக்குள்ள பூட்ட வெச்சிருக்கியே!"

"தப்புதாண்ணே. சீட்டு கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"கூச்சமா இருந்துச்சாம்! பூட்டறதுக்குக் கூச்சமா இல்ல?"

அவளுக்கும் கோபம் இருந்தது. "நீங்க ஒரு மாசமா போன எடுக்கலையேண்ணே. பஸ்ஸு சம்பளம் குடுக்குமா? படப்பைக் கடைல என் பேரு நாறிக் கெடக்கு. அடுத்த வேலைக்கு அம்புட்டு சரக்கும் நிக்குது."

முனிரத்தினம் எழுந்து வாசல்வரை போனார். வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வேறொன்று இருந்தது.

"சரி. நிக்கட்டும்."

"என்னண்ணே?"

"வியாழக்கிழம நிக்கட்டும். லைன் நின்னா ஒரு மணி நேரத்துல அவனே ஓடியாருவான். ஏழு லட்சத்த வெச்சாத்தான் தொறப்போம். நல்லதுதான் பண்ணிகீற நீ."

ஒரு கணம் தங்கமாரிக்கும் அது இனித்தது. பதின்மூன்று முறை படியேறிய இருங்காட்டுக்கோட்டை அலுவலகம் கண்ணில் வந்து போனது. ஆனால் இயந்திரம் நிறுத்திய நாள்களில் அவளோடு மூன்று நாள் நின்ற ஆபரேட்டர் பெண்ணும் நினைவுக்கு வந்தாள். ஜோஸ்லின் என்று பெயர், ஒப்பந்தத் தொழிலாளி. இயந்திரம் நின்றால் என்ன செய்வீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டபோது அவள் சொல்லியிருந்தாள்: "கொஞ்ச நேரம் கேண்டீன்ல ஒக்கார வெப்பாங்கக்கா. அப்பறம் வூட்டுக்குப் போன்னுடுவாங்க. அன்னிக்கி கூலி கட்டு."

"வேண்டாம்ண்ணே," என்றாள். "அவுகளுக்குச் சொல்லாத பூட்டு அது. அத வச்சு பேரம் பேசுனா நாம திருடங்க. உங்க வெண்டர் நம்பரயும் அடிச்சு எறிஞ்சிருவாக. நிக்கப்போறது வேல்ராஜ் இல்ல, அந்தப் பிள்ளைக."

"அப்ப இன்னாதான் பண்றது? உன்ன மாதிரி நோட்டுல எழுதி வெச்சி கும்பிடறதா?"

நோட்டு என்றதும்தான் அவளுக்கு அது உறைத்தது. பூட்டு நாள்களை எண்ண வேண்டும். அதற்காகவே நிரலில் ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அறை. அந்த அறையில் அன்று இயந்திரம் அடித்த பாகங்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருக்கும்.

"ட்ரையல்னா எத்தன பீஸுண்ணே? ஆர்டர்ல என்ன போட்டிருக்கு?"

அவர் மேசை இழுப்பறையைக் குடைந்தார். "மூணு நாளு. மூவாயிரம் பீஸு."

"திங்கக்கிழம போவோம். உள்ள போக பாஸ் சொல்லி வைங்க."

திங்கட்கிழமை காலை ஆலை வாயிலில் அரைமணி நேரம் நின்றார்கள். காவலாளி மடிக்கணினியின் வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுதினார். இருவரின் கைபேசி காமிராவிலும் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டினார். படம் எடுக்க முடியாது.

வேல்ராஜ் உற்பத்திப் பிரிவின் பொறியாளர். முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையான பையன். "வாங்க சார், வாங்க மேடம். ட்ரையல் போயிகிட்டே இருக்கு சார். சின்னச் சின்ன பாயிண்ட் இருக்கு" என்றான்.

"இன்னா பாயிண்டு சார்? சொன்னா செஞ்சிடுவோம்" என்றார் முனிரத்தினம்.

"மெயில்ல போடச் சொல்றேன் சார்."

இயந்திரம் அடித்துக்கொண்டிருந்தது. ஜோஸ்லின் பாகத்தை வைப்பதும் இரண்டு பொத்தான்களை அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள்; கை நிற்காமலேயே, "அக்கா, வாங்க! உங்க மெஷின் நல்லா ஓடுதுக்கா. மூணு ஷிப்டும் இதுலதான். ஆயிரத்தைந்நூறு டார்கெட்டு, இடுப்பு ஒடியுது" என்றாள்.

வேல்ராஜ் வேறு பக்கம் பார்த்தான்.

தேநீர் இடைவேளை மணி அடித்தது. இயந்திரம் நின்றதும் தங்கமாரி மடிக்கணினியைப் பக்கத்து மேசையில் வைத்து இணைத்தாள். பிறகு வேல்ராஜ் பக்கம் திரும்பினாள். "சார், முதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன். இதுல நான் ஒரு லாக் போட்டிருந்தேன். வியாழக்கிழம காலைல மெஷின் நின்னுருக்கும். இவருக்கும் தெரியாது, உங்களுக்கும் எழுதிக் குடுக்கல. அது தப்பு. உங்க முன்னாடியே எடுத்துர்றேன்."

முனிரத்தினத்தின் பூட்ஸ் அவள் காலை மேசைக்கடியில் இடித்தது. இடித்தது இலேசாக அல்ல. பேசி முடித்த பிறகு எடுத்தால் போதாதா என்பது அதன் பொருள். அவள் பத்து வரிகளையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். பெட்டிக்குள் மறுபடி ஏற்றினாள். கையில் இருந்த ஒரே பிடி போய்விட்டது.

வேல்ராஜ் திரையை நோக்கிக் குனிந்தான். "மேடம், இது ஆடிட்ல வந்திருந்தா..."

"வராது சார். இனிமே இல்ல." எண்ணிக்கைப் பட்டியலைத் திரையில் விரித்தாள். "இது மட்டும் இருக்கு."

நாள்வாரியாக எண்கள் நின்றன. ஜூன் 10, 612. ஜூன் 11, 1,104. ஜூன் 12, 1,390. மூன்றே நாளில் மூவாயிரத்து நூற்று ஆறு. அதற்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பூஜ்ஜியம். மொத்தம் 51,872. படம் எடுக்க வழியில்லாததால் தங்கமாரி முழுப் பட்டியலையும் கையால் ஒரு தாளில் எழுதினாள். பிறகு தாளை வேல்ராஜிடம் நீட்டினாள்.

"ட்ரையல் முடிஞ்சுருச்சுன்னு நீங்க எழுத வேண்டாம் சார். உங்க கஷ்டம் எனக்குத் தெரியாது. இந்த நம்பர் திரைல இருக்கிற நம்பர்தான்னு மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

"மேல கேக்கணும் மேடம்."

"எண்ணிக்கையக் கூடவா மேல கேக்கணும்?"

வேல்ராஜ் திரையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். இடைவேளை முடிந்து ஜோஸ்லினும் மற்றப் பெண்களும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினான். "சார், நானா நிறுத்தி வெக்கல. அடுத்த மாசத்துக்குத் தள்ளுன்னு சொன்னாங்க. அத எப்டி மெயில்ல எழுதறது?" அவன் வரிவரியாக எண்களைச் சரிபார்த்தான். ஓரிடத்தில் அவள் 1,476ஐ 1,467 என்று எழுதியிருந்தாள்; அதைத் திருத்தி, திருத்தத்தின் மேலும் சுருக்கொப்பமிட்டு, கீழே கையெழுத்துப் போட்டான்.

வாயிலுக்கு வெளியே வந்ததும் முனிரத்தினம் வெடித்தார். "தொறந்து குடுத்துட்டு கை நீட்டுற! அவன் போடாம போயிருந்தா?"

"போயிருந்தா உங்களுக்கு ஏழு லட்சம், எனக்கு ஒண்ணரை. ரெண்டு பேரும் சேந்து தலைல கை வச்சிருப்போம்."

"நல்லா பேசற." அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவள் ஸ்கூட்டி கிளம்பும்வரை நின்றார்.

அந்தத் தாளின் நகலை அவர் கொள்முதல் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினார். வாசகத்தைத் தங்கமாரி எழுதிக் கொடுத்தாள். நான்கு வரி, குற்றச்சாட்டு ஏதுமில்லை, எண்கள் மட்டும். அடுத்த மூன்று வாரம் அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கிளியம்மாளிடம் நேரில் போய், ஆகஸ்ட் 20 என்று தேதி எழுதிக் கொடுத்தாள். "எழுதிக் குடுத்தா துட்டு வந்துடுமா?" என்று கேட்டுக்கொண்டே கிளியம்மாள் பாதிச் சரக்கை மேசைமேல் எடுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 14 மதியம் ஆலை முனிரத்தினத்துக்கு நான்கு லட்சம் அனுப்பியது. இருபது நிமிடத்தில் தங்கமாரியின் போன் அதிர்ந்தது; ஒரு லட்சம். சுங்குவார்சத்திரத்தில் பாதி மாட்டிய பேனலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவள், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள். மீதி நாற்பத்தாறாயிரம் செப்டம்பர் 6 அன்று வந்தது.

செப்டம்பர் கடைசியில் அவருக்கு இன்னோர் ஆர்டர். "எழுத்து உன்னுதுதானே?" என்றார் போனில். இந்த முறை ஆமாம் என்பதோடு தங்கமாரி நிறுத்தவில்லை. மறுநாள் கொட்டேஷனோடு கொட்டகைக்கு நேரில் போனாள்.

முனிரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

"இது எனக்குமா?"

"உங்களுக்குந்தாண்ணே. இந்தத் தடவ மூஞ்சிக்கு நேரா."

அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது. எழுந்து போய்விடுவாரோ என்று அவளுக்குத் தோன்றியது. பேருந்தில் நூற்றுக்கணக்கான காலைகள் பார்த்த முகம். இப்போது அதில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை.

"நாப்பத்தஞ்சு நாளு பத்தாது," என்றார் கடைசியில். "அவனுங்க பணம் போடவே அறுபது ஆவுது. எழுபத்தஞ்சாக்கு."

"எழுபத்தஞ்சா! கிளியம்மா என்ன அடகு வச்சிருவாங்கண்ணே. அறுபது."

"அறுபத்தஞ்சு."

"அறுபது. சென்சாரு உங்க பேர்ல வாங்குங்க. அப்ப அறுபத்தஞ்சு."

"பேஜாரு புடிச்சவ நீ," என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். 45ஐ அடித்து 65 என்று எழுதி, ஏழாவது வரியின் பக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாகக் கையெழுத்திட்டார். கடைசிக் கையெழுத்தின் கீழே அவர் கை தானாகவே ஓர் ஆறு இலக்க எண்ணையும் எழுதியது. கைபேசி ஆலையில் எந்தத் தாளில் ஒப்பமிட்டாலும் கீழே எழுத வேண்டிய அவருடைய பழைய ஊழியர் எண் அது. எழுதி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அடிப்பதற்காகப் பேனாவை மறுபடி கொண்டுபோனார்.

"இருக்கட்டும்ண்ணே," என்று சொல்லித் தங்கமாரி தாளை வாங்கிக்கொண்டாள்.